துப்பாக்கி சேகரிப்பவர்களின் பயம்: தடை வந்தால் தங்கமா, தகரமா?

நாற்பது வருடத்தில் எந்தப் பொருளுக்கும் விலை ஏறத்தான் செய்யும். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் 1986-க்கு முன்னால் அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்கும் குறைவாகக் கிடைத்த எம்-16 துப்பாக்கி இன்று முப்பதாயிரம் டாலருக்கு மேல் கைமாறுகிறது. அதே ரகத்தை அமெரிக்க ராணுவம் புத்தம் புதிதாக வாங்கினால் இந்த விலையில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். தேய்ந்த பழசுக்கு யானை விலை, பளபளக்கும் புதுசுக்கு பூனை விலை! பி.காம். படிக்கிற எனக்கு இதைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது. எங்கள் பாடப் புத்தகத்தில் தேய்மானம் என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. இந்தப் பொருள் அதற்கு நேர் எதிராக நடக்கிறதே, ஏன்?

காரணம் ஒரு தேதி. 1986 மே 19. அந்தத் தேதிக்கு வருவதற்குள் கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும்.

முதலில், துப்பாக்கி சேகரிப்பவர் என்றால் யார்? நம் சினிமாவில் வருகிற மாதிரி சுவர் முழுக்க ஆயுதம் மாட்டிவைத்திருக்கும் வில்லன் இல்லை. தபால் தலை, பழைய நாணயம் சேர்ப்பவரைப் போன்ற ஆள்தான். 1873-ல் வந்த கோல்ட் ரிவால்வர், அதே வருடத்து வின்செஸ்டர் ரைஃபிள், ஜெர்மனியின் லூகர் பிஸ்டல் என்று தேடித் தேடி வாங்குவார். லூகரில் பல பாகங்களில் எண் பொறித்திருக்கும். எல்லா எண்ணும் ஒத்துப்போனால் ஒரு விலை, ஒரு பாகம் மாறியிருந்தால் வேறு விலை. பழைய துப்பாக்கியைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் மதிப்பு இறங்கிவிடும், கூடாது. அதாவது, அவர் வாங்குவது இரும்பை அல்ல, அந்த இரும்பு மாறாமல் இருப்பதை. அரசாங்கம் "சுடாதபடி குழாயை அடைத்துவிட்டு வைத்துக்கொள்ளேன், என்ன போயிற்று?" என்று கேட்டால் அவருக்கு ஏன் கோபம் வருகிறது என்பது இதிலிருந்து புரியும். பழைய நாணயத்தில் ஓட்டை போட்டுவிட்டு வைத்துக்கொள் என்று சொன்ன மாதிரிதான் அது.

சரி, கதைக்கு வருவோம்.

1921-ல் ஜான் தாம்சன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியின் பெயரில் ஒரு துப்பாக்கி சந்தைக்கு வந்தது. விசையை அழுத்திப் பிடித்தால் குண்டுகள் நிற்காமல் பாயும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சண்டைக்காக யோசித்தது, ஆனால் தயாராவதற்குள் போரே முடிந்துவிட்டது! கோல்ட் கம்பெனி 15,000 செய்து கொடுத்தது. ஒன்று ஏறக்குறைய 200 டாலர். அந்தக் காலத்தில் பெரிய தொகை, அதனால் விற்பது பெரும்பாடாக இருந்தது. ஆனால் மதுவிலக்குக் கால சாராயக் கும்பல்களுக்கு இது பிடித்துப்போனது. 1929-ல் காதலர் தினத்தன்று சிகாகோவில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்களே, அங்கே முழங்கியதும் தாம்சன்தான்.

பொதுமக்கள் கொதித்தார்கள். 1934-ல் ரூஸ்வெல்ட் காலத்தில் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. இந்தச் சட்டம் தடை செய்யவில்லை, வரி போட்டது. இயந்திரத் துப்பாக்கி, குழாயை வெட்டிக் குட்டையாக்கிய துப்பாக்கிகள், சைலன்சர் ஆகியவற்றைச் செய்தாலும் கைமாற்றினாலும் 200 டாலர் வரி, கூடவே பதிவு. துப்பாக்கி விலை 200, வரியும் 200. கிட்டத்தட்ட நூறு சதவீதம். இன்றைய மதிப்பில் நாலாயிரம் டாலருக்கு மேல் வரும். பெயர்தான் வரி, நோக்கம் யாரும் வாங்கக் கூடாது என்பதே. 1937-ல் உச்ச நீதிமன்றமும் இது வரிதான், செல்லும் என்று சொல்லிவிட்டது.

ஒரு சுவாரசியம். முதலில் எழுதிய மசோதாவில் சாதாரணக் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. எதிர்ப்பு வந்ததும் அவற்றை எடுத்துவிட்டார்கள். அன்று அவை உள்ளே இருந்திருந்தால் அமெரிக்காவின் வரலாறே வேறு மாதிரி போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த திருப்பம் 1968. கென்னடியைக் கொன்ற ரைஃபிள் 1963-ல் ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, பொய்ப் பெயரில், தபாலில் வரவழைத்தது. விலை 19 டாலர் 95 சென்ட், தபால் செலவு தனி. பிறகு 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் இரண்டே மாத இடைவெளியில் கொல்லப்பட்டார்கள். அந்த அக்டோபரில் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் தபால் விற்பனையை மூடியது, வெளிநாட்டு இயந்திரத் துப்பாக்கிகளைத் தனியாருக்காக இறக்குமதி செய்வதையும் நிறுத்தியது. சேகரிப்பவர்களுக்கு இதில் கொஞ்சம் இரக்கமும் காட்டினார்கள். 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி தொல்பொருள், அதற்கு இந்தச் சட்டமே கிடையாது. அரிய பழைய துப்பாக்கிகளுக்குத் தனி வகை, அவற்றை வாங்கச் சேகரிப்பாளர் உரிமம் என்று ஒரு ஏற்பாடும் உண்டு.

அந்தச் சட்டத்தில் என்னை மிகவும் பாதித்தது முப்பது நாள் பொது மன்னிப்பு. இரண்டாம் உலகப் போரிலிருந்து வீடு திரும்பிய சிப்பாய்களில் பலர் எதிரியின் துப்பாக்கியை நினைவுப் பொருளாகக் கொண்டுவந்து பரணில் போட்டிருந்தார்கள். அவற்றில் இயந்திரத் துப்பாக்கிகளும் இருந்தன. பதிவு கிடையாது. 1968 நவம்பர் 2 முதல் டிசம்பர் 1 வரை யார் வேண்டுமானாலும் வந்து பதியலாம், வழக்கு இல்லை, வரி இல்லை என்றார்கள். சிலர் பதிந்தார்கள். சிலர் பயந்து பேசாமல் இருந்துவிட்டார்கள். சிலருக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. கதவு சாத்தப்பட்டது.

இன்று ஒரு தாத்தா இறந்து, பேரன் பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கி அகப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு பழுப்பேறிய பதிவுத் தாள் இருந்தால் அந்தப் பேரன் பல ஆயிரம் டாலருக்குச் சொந்தக்காரன். தாள் இல்லாவிட்டால் அதை வைத்திருப்பதே குற்றம், பத்து வருடம் வரை சிறை. இப்போது போய்ப் பதிகிறேன் என்றாலும் வழியில்லை, ஒப்படைக்கத்தான் முடியும். அதே தொழிற்சாலை, அதே இரும்பு. வித்தியாசம் ஒரு தாள்.

இப்போது 1986. ரீகன் அதிபர். துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குச் சாதகமாக ஒரு மசோதா வருகிறது. வியாபாரிகளை அதிகாரிகள் அடிக்கடி சோதனை போட்டுத் தொல்லை கொடுக்கக் கூடாது, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் துப்பாக்கியோடு பயணம் செய்கிறவரை வழியில் பிடிக்கக் கூடாது, சாதாரணத் துப்பாக்கிக்காரர்களின் பெயர்ப் பட்டியலை மத்திய அரசு உருவாக்கவே கூடாது. சேகரிப்பவர்களுக்குக் கொண்டாட்டம்! ஏப்ரல் 10-ம் தேதி, விவாதம் முடியப்போகிற நேரத்தில், நியூ ஜெர்சி உறுப்பினர் வில்லியம் ஹியூஸ் ஒரு திருத்தத்தை நுழைத்தார். இந்தச் சட்டம் அமலாகும் நாளுக்குள் முறைப்படி இருக்கும் இயந்திரத் துப்பாக்கிகள் மட்டும் தனியாரிடம் இருக்கலாம், அதற்குப் பிறகு செய்தது ஒன்றுகூடக் கூடாது. குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதாக அவைக்குத் தலைமை தாங்கியவர் அறிவித்தார். உண்மையில் எந்தக் குரல் பெரிதாக இருந்தது என்று துப்பாக்கிப் பிரியர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். மசோதாவின் மற்ற நன்மைகளை விட மனமில்லாமல் அவர்களுடைய சங்கம் இதை விழுங்கிக்கொண்டது. மே 19 அன்று ரீகன் கையெழுத்திட்டார்.

ஏப்ரல் 10-க்கும் மே 19-க்கும் நடுவில் ஏறக்குறைய ஐந்தரை வாரம். அந்த ஐந்தரை வாரம் பட்டறைகள் தூங்கவில்லை. முழுத் துப்பாக்கி செய்ய எங்கே நேரம்? சட்டத்தின் பார்வையில் உடல் பாகம் ஒன்றே துப்பாக்கிதான். சாதாரணத் துப்பாக்கியைத் தொடர்ந்து சுடவைக்கும் ஒரு சிறு உலோகத் துண்டுகூட இயந்திரத் துப்பாக்கி என்றே கணக்கு. ஆகவே கிடைத்ததில் எல்லாம் எண்ணைப் பொறி, படிவத்தை நிரப்பு, அனுப்பு என்று ஓடினார்கள். அன்று சில்லறைக் காசுக்குப் போன அந்த உலோகத் துண்டுகள், உள்ளங்கையில் அடங்குபவை, இன்று பல ஆயிரம் டாலர். ஒரு துண்டு இரும்புக்கு நல்ல கார் விலை!

மே 19-ல் பட்டியல் உறைந்தது. தனியார் கைமாற்றக்கூடியவை நாடு முழுக்கச் சுமார் 1,75,000. இனி இந்த எண்ணிக்கை ஏறாது. உடைந்தால், தீயில் வெந்தால், போலீஸ் பறிமுதல் செய்து அழித்தால் குறையத்தான் செய்யும். அளிப்புக் கோடு செங்குத்தாக நிற்பது என்று கரும்பலகையில் வரைந்து காட்டுவார்களே, நிலத்தை உதாரணம் சொல்வார்களே, அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வேண்டும் என்பவர்களின் எண்ணிக்கையும் சம்பளமும் ஏற ஏற, விலை மட்டும்தான் நகர முடியும். நகர்ந்தது.

ஆக, தடை வந்தால் சேகரிப்பவர் பணக்காரர் ஆகிறார். பிறகு ஏன் தடை என்றாலே அலறுகிறார்கள்?

இங்கேதான் பிரிட்டன் வருகிறது.

1996 மார்ச் 13 காலை, ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற சின்ன ஊர். ஆரம்பப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் ஒருவன் நுழைந்து 16 குழந்தைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள். அவன் கொண்டுவந்த நான்கு கைத்துப்பாக்கிகளும் முறையாக உரிமம் பெற்றவை. இந்த ஒரு வரிதான் பிரிட்டன் சேகரிப்பவர்களின் வாதத்தை உடைத்தது. "உரிமம் வாங்கி ஒழுங்காக வைத்திருக்கிற எங்களை ஏன் தண்டிக்கிறீர்கள்" என்று அவர்கள் கேட்டபோது, கொன்றவனும் உரிமம் வாங்கியவன்தானே என்று பெற்றோர்கள் திருப்பிக் கேட்டார்கள். அதற்குப் பதில் இல்லை. மார்ச்சில் அங்கே பூத்திருந்த சின்ன வெள்ளைப் பூவின் பெயரில் ஒரு கையெழுத்து இயக்கம் தொடங்கி ஏழு லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள்.

விசாரித்த நீதிபதி கல்லன் பிரபு முழுத் தடையை முதல் யோசனையாக வைக்கவில்லை. பயன்படுத்தாத நேரத்தில் முக்கிய பாகத்தைக் கழற்றித் தனியே வைக்கலாம், அது நடைமுறைக்கு ஒத்துவராவிட்டால் தனிநபர் வைத்திருப்பதைத் தடுக்கலாம் என்றுதான் எழுதினார். அரசு அதைத் தாண்டிப் போனது. 1997 தொடக்கத்தில் மேஜர் அரசு சிறிய .22 ரகம் தவிர மற்ற கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. மே மாதம் தேர்தலில் வென்ற பிளேர் அரசு அந்த .22-வையும் சேர்த்துவிட்டது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் வீட்டில் கைத்துப்பாக்கி என்பது அத்தோடு ஏறக்குறைய முடிந்தது.

அமெரிக்காவில் இருப்பது இருக்கட்டும், புதிது வேண்டாம் என்றார்கள். பிரிட்டனில் இருப்பதையும் கொண்டுவா என்றார்கள். சுமார் 1,62,000 கைத்துப்பாக்கிகள் காவல் நிலையங்களுக்கு வந்து சேர்ந்தன. நஷ்ட ஈடு கொடுத்தார்கள், அதை மறைக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே தொகை, பட்டியல் விலை, நிபுணர் மதிப்பீடு என்று மூன்று வழி இருந்தது. மொத்தம் எட்டு ஒன்பது கோடி பவுண்டு செலவானது. ஆனால் வாங்குபவர் அரசு ஒருவர்தான், விற்றே ஆக வேண்டும், கெடு தேதியும் உண்டு. அப்படிப்பட்ட சந்தையில் நிர்ணயிக்கப்பட்ட விலையை ஒரு சேகரிப்பாளர் எப்படி உணர்ந்திருப்பார்? நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சேகரிப்பவர்களுக்காக விதிவிலக்கும் வைத்தார்கள். 1919 ஜனவரி 1-க்கு முன் செய்ததாகவும், அதற்கான தோட்டா எளிதில் கிடைக்காத ரகமாகவும் இருந்தால், தோட்டா இல்லாமல் வீட்டிலேயே சேகரிப்பாக வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிந்தியதாக இருந்தாலும் வரலாற்று முக்கியத்துவமோ அபூர்வமான வேலைப்பாடோ உள்ளது என்றால், அரசு குறித்த இடத்தில் பூட்டி வைக்க வேண்டும், அங்கே போய்த்தான் தொட்டுப் பார்க்க முடியும். 1946-க்கு முன் கிடைத்த போர் நினைவுப் பொருள்களுக்கும் ஒரு சலுகை உண்டு. இவ்வளவு யோசித்துச் சட்டம் எழுதியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கோடு எங்கே போட்டாலும் அதற்கு அந்தப் பக்கம் சிலர் மாட்டுவார்கள்.

என் கருத்தைக் கேட்டால், டன்பிளேன் பெற்றோர்களின் பக்கம்தான் நான். அதற்குப் பிறகு பிரிட்டனில் ஒரு பள்ளியில் அப்படியொரு துப்பாக்கிப் படுகொலை நடக்கவில்லை. ஒரு லூகரின் எண்கள் ஒத்துப்போவதற்கும் ஒரு குழந்தைக்கும் தராசு கிடையாது. அதற்காகச் சேகரிப்பவரின் கவலையைக் கேலி செய்யவும் மனம் வரவில்லை. அவர் வாழ்நாள் சேமிப்பை ஒரு பொருளில் போட்டிருக்கிறார், அதன் நாளைய விலை தங்கமா தகரமா என்பதை அவரோ சந்தையோ தீர்மானிப்பதில்லை. சட்டத்தில் ஒரு வாக்கியம் "இனிமேல்" என்று இருக்குமா, "இருப்பதும்" என்று இருக்குமா என்பதில் எல்லாம் தொங்குகிறது. பட்டியலில் பெயர் ஏறுவதற்கு அமெரிக்கர்கள் ஏன் அவ்வளவு பயப்படுகிறார்கள் என்பதும் இதிலிருந்து விளங்கும். பிரிட்டனில் யாரிடம் என்ன இருக்கிறது என்று போலீஸுக்கு முன்பே தெரியும், அதனால்தான் வேலை அவ்வளவு சுலபமாக முடிந்தது என்று அவர்கள் அடிக்கடி சுட்டிக் காட்டுகிறார்கள்.

இந்தப் பயத்தை வைத்துச் சூதாடியவர்களும் உண்டு. 1994-ல் கிளின்டன் காலத்தில் ராணுவத் தோற்றமுள்ள சில துப்பாக்கி ரகங்களுக்குப் பத்து வருடத் தடை வந்தது. தடை வரப்போகிறது என்ற பேச்சிலேயே விலை சடசடவென ஏறியது. 1986-ன் கதையை மனதில் வைத்துப் பலர் வாங்கிக் குவித்தார்கள். ஆனால் இந்த முறை கம்பெனிகளும் பாடம் படித்திருந்தன! தடைக்கு முன்பே மூட்டை மூட்டையாகச் செய்து தள்ளின. தடை வந்த பின் பார்த்தால் சந்தையில் சரக்கு வழிந்தது, 1995-ல் விலை பழைய இடத்துக்கே இறங்கியது. 2004-ல் தடையே காலாவதி ஆகிவிட்டது. உறைந்த பட்டியல் எப்போதும் தங்கமாகாது, உறைவதற்கு முன் எவ்வளவு உள்ளே போனது என்பதும் முக்கியம்.

பிறகு இந்தப் பயம் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. 2012 டிசம்பர் 14-ல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். நாடு அழுதது, புதுச் சட்டம் வரும் என்று பேசியது. அதே மாதம் துப்பாக்கி வாங்குவோர் பற்றிய பின்னணிச் சோதனைகள் 27 லட்சத்தைத் தாண்டின, அதுவரை காணாத எண்ணிக்கை. (ஒரு சோதனை என்றால் ஒரு விற்பனை என்று நேரடிக் கணக்கு இல்லை, ஆனாலும் போக்கு தெரிகிறது.) மசோதா 2013-ல் செனட்டில் தோற்றது. தலைகீழாக, 2016-ல் டிரம்ப் வென்றதும் "இனித் தடை வராது" என்ற நிம்மதியில் விற்பனை படுத்தது. 1816-ல் தொடங்கிய ரெமிங்டன் கம்பெனி 2018 மார்ச்சில் திவால் மனு போட்டது. கழுத்தை நெரித்த கடனும் ஒரு காரணம்தான். இருந்தாலும் வாடிக்கையாளரின் பயம் போனதால் வியாபாரம் படுப்பதை வேறு எந்தத் தொழிலில் பார்க்கிறோம்?

அந்த நிம்மதிக்கும் ஆயுள் குறைவு. 2017 அக்டோபரில் லாஸ் வேகஸ் இசை நிகழ்ச்சியில் நடந்த படுகொலையில், சாதாரணத் துப்பாக்கியை வேகமாகச் சுடவைக்கும் ஒரு துணைக் கருவி பயன்பட்டது. டிரம்ப் அரசே அதை இயந்திரத் துப்பாக்கி என்று வகைப்படுத்தியது. 2019 மார்ச்சுக்குள் அழித்துவிடு அல்லது ஒப்படை, நஷ்ட ஈடு கிடையாது. அதாவது சொத்துப் பட்டியலில் இருந்த பொருள் ஒரே நாளில் பூஜ்ஜியம். டெக்சாஸில் கார்கில் என்ற கடைக்காரர் தன்னிடமிருந்த இரண்டை எதிர்ப்போடு ஒப்படைத்துவிட்டு வழக்குப் போட்டார். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் அவர் ஜெயித்தார். சொன்ன பேச்சைக் கேட்டுச் சுத்தியலால் உடைத்துப்போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு வேடிக்கை. 1986-ன் பட்டியலில் உள்ள துப்பாக்கியை முப்பதாயிரம் டாலர் கொடுத்து வாங்கியவர் இன்று எதற்குப் பயப்பட வேண்டும்? பறிமுதலுக்கு, சரி. ஆனால் நீதிமன்றமோ காங்கிரஸோ ஹியூஸ் திருத்தத்தை ரத்து செய்துவிட்டால்? சேகரிப்பவர்கள் காலம் காலமாகக் கேட்கிற சுதந்திரம்தான் அது. வந்த மறுநாளே கம்பெனிகள் புதிதாகச் செய்து ஆயிரம் இரண்டாயிரம் டாலருக்கு விற்கும், அவருடைய முதலீட்டில் பெரும்பகுதி காற்றோடு போகும். கட்டுப்பாடு இறுகினாலும் நஷ்டம், தளர்ந்தாலும் நஷ்டம். அப்படியே இருந்தால் மட்டும் லாபம். எந்தத் தடையை எதிர்த்துக் கொடி பிடித்தாரோ அதே தடைதான் அவருடைய வைப்பு நிதி. மேடையில் ரத்து செய் என்று கோஷம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெட்டகத்தைத் திறந்து பார்க்கும் ஒரு சேகரிப்பாளரின் மனநிலையைக் கற்பனை செய்து பாருங்கள்.

2025 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டத்தில் 1934-ன் 200 டாலர் வரியையும் தொட்டிருக்கிறார்கள். சைலன்சருக்கும் குட்டைத் துப்பாக்கிகளுக்கும் 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்ஜியம், பதிவு மட்டும் தொடர்கிறது. இயந்திரத் துப்பாக்கிக்கு 200 டாலர் அப்படியே இருக்கிறது, உறைந்த பட்டியலும் அப்படியே. ஒரு காலத்தில் யாரும் வாங்கக் கூடாது என்று விலைக்குச் சமமாகப் போட்ட வரி அது. முப்பதாயிரம் டாலர் துப்பாக்கியில் இன்று அது ஒரு சதவீதம்கூட வருவதில்லை.